முகவரி கேட்பதா, முதலில் விற்பதா?

2025 செப்டம்பர் 2, மலேசியாவின் பீடோரிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அக்கா, மூலிகைத் தலை எண்ணெய் காய்ச்சி விற்கிறேன். அகப்பக்கம் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. பக்கத்தின் உச்சியில் 'உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள்' என்று பெட்டி வைத்தால், வருகிறவர் எண்ணெயைப் பார்க்காமலே பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுகிறார். பெட்டியை எடுத்துவிட்டால் சிலர் வாங்குகிறார்கள். வாங்காதவர்கள் போனால் போனதுதான், யார் வந்தார்கள் என்றுகூடத் தெரிவதில்லை. பட்டியல்தான் பெரிய சொத்து, விற்பனை பிறகு தானாக வரும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எனக்கோ மாதக் கடைசியில் புட்டி வாங்கப் பணம் வேண்டும். எதை முன்னால் வைப்பது?

2025 செப்டம்பர் 3

முதலில் விற்றுவிடுங்கள், தம்பி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எங்கள் குடும்பத்துக்குச் சுங்கை சிப்புட்டில் மாவு மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது மாமனார் காலத்துத் தொழில். இறைச்சி மசாலை, மீன் மசாலை, சாம்பார்த் தூள் என்று பொட்டலம் போட்டு அகப்பக்கத்தில் விற்பது என் பொறுப்பு. மசாலைத் தூள் தீர்ந்துபோகிற பொருள். வாரக் கடைசியில் மட்டும் இறைச்சி சமைக்கிற வீட்டில் 250 கிராம் பொட்டலம் ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் வரும். அதன் பிறகு அவர்கள் எங்காவது வாங்கியே ஆக வேண்டும். அந்த நாளில் நம் பெயர் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்குத்தான் முகவரி. உங்கள் எண்ணெய்ப் புட்டியும் தீரும் பொருள்தானே?

வாங்குகிறவர் இரசீதுக்காக எப்படியும் மின்னஞ்சல் கொடுக்கத்தான் போகிறார். பணம் கட்டி முடித்ததும் வருகிற நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி போடுங்கள். என்னுடையது இது: 'மாதம் ஒருமுறை சமையல் குறிப்பும் புதுச் சரக்குச் செய்தியும் அனுப்பலாமா?' பக்கத்தில் ஒரு கட்டம். அதில் நாமே முன்கூட்டி டிக் போட்டு வைக்கக் கூடாது. பணம் கட்டி முடித்தவரின் மனம் நம் பக்கம் சாய்ந்திருக்கும் நேரம் அது. அப்போது கேட்டால் பெரும்பாலும் 'சரி' என்கிறார்கள்.

பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் விற்பது பாடம். ஒருமுறை தயாரித்துவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கத் தனிச் செலவு கிடையாது. அவர்களால் ஆறு மாதம் முகவரி மட்டும் சேர்த்துக்கொண்டு காத்திருக்க முடியும். எனக்கு மிளகாய் மூட்டைக்குப் பணம் கட்ட வேண்டும், உங்களுக்குப் புட்டி வாங்க வேண்டும். அவர்களுடைய வழி நமக்குப் பொருந்தாததற்கு இது ஒன்றே போதும்.

2025 செப்டம்பர் 4

வாங்காமல் போகிறவர்களை அப்படியே விட்டுவிடுவதா என்று அதே தம்பி கேட்கிறார். விட வேண்டியதில்லை. பொருளின் படம், விலை, அனுப்பும் செலவு, பயன்படுத்தும் முறை எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தின் அடியில் கேளுங்கள். அவ்வளவு தூரம் கீழே வந்து படித்தவருக்கு ஆர்வம் இருக்கிறது, ஆனால் இன்று வாங்கும் எண்ணம் இல்லை என்று பொருள். அவருக்குப் பயன்படும் ஒன்றைக் கொடுத்து முகவரி கேட்கலாம். நான் கொடுப்பது ஓர் அளவுப் பட்டியல். ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு எத்தனை கரண்டித் தூள், கோழிக்கு எவ்வளவு குறைக்க வேண்டும், தேங்காய்ப்பால் ஊற்றினால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒரே பக்கத்தில் இருக்கும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கலாம். வேறொருவரின் தூளை வாங்கிச் சமைத்தாலும் அது உதவும்.

திரையை மறைத்துக்கொண்டு எழும் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள். கைப்பேசித் திரையில் அதை மூடும் குறி கடுகளவு இருக்கிறது. கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பொறுமை போய்விடும். கைப்பேசியில் உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டிகள் வைத்த பக்கங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளக்கூடும் என்று கூகுள் 2017 ஜனவரியிலிருந்தே நடைமுறைப்படுத்தி வருகிறது.

2025 செப்டம்பர் 6

'முகவரி கொடுத்தால் 10 விழுக்காடு கழிவு' என்று போடலாமே என்கிறார் ஒருவர். போடலாம். எனக்கு அதில் விருப்பம் இல்லை. கழிவுக்காக வருகிறவர் பலரும் ஒரு பொட்டலத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த கழிவு வரும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. சிலர் வேறு வேறு முகவரி போட்டு மறுபடியும் கழிவு வாங்குகிறார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் முழு விலை கொடுத்து வாங்குகிற பழைய வாடிக்கையாளர் அந்த அறிவிப்பைப் படிக்கும்போது என்ன நினைப்பார்? நேற்று வந்தவருக்கு மலிவு, எனக்கு முழு விலையா என்று நினைக்க மாட்டாரா? கழிவு கொடுக்க மனம் இருந்தால் மூன்றாவது முறை வாங்குகிறவருக்குக் கொடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் பெட்டிக்குள் ஒரு சிறிய ரசப்பொடிப் பொட்டலமும் போட்டு அனுப்புங்கள்.

2025 செப்டம்பர் 9

புலனம் (வாட்ஸ்அப்) இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் வாடிக்கையாளர்கள் புலனத்தில்தான் பேசுகிறார்கள். 'அக்கா, மீன் மசாலை ரெண்டு' என்று குரல் பதிவு வரும், மதியம் பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். அவர்களிடம் மின்னஞ்சல் கேட்பது வீண் வேலை. நான் கேட்பதும் இல்லை.

ஆனால் புலனத்தின் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். குழு அமைத்தால் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே நம் விலைப் பட்டியல் காணாமல் போகும். அதோடு, ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பெண் வாடிக்கையாளர்கள் பலர் இதற்காகவே குழுவிலிருந்து விலகுகிறார்கள்.

பெரிய இணையச் சந்தைகளிலும் நான் கடை வைத்திருக்கிறேன். அங்கே விற்பனை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரிவதில்லை, எண்ணும் பெயரும் பாதி நட்சத்திரக் குறியாக வருகின்றன. என் தூளை மூன்று ஆண்டு வாங்கினாலும் அவர் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர்தான். நாளைக்கு அதே பக்கத்தில் என் பொட்டலத்துக்குக் கீழே இன்னொருவரின் மலிவுப் பொட்டலத்தைக் காட்டுவார்கள். ஆகவேதான் எனக்கு அகப்பக்கமும் முகவரிப் பட்டியலும் வேண்டியிருக்கின்றன.

2025 செப்டம்பர் 13

நேற்று மில்லில் கூட்டம் இல்லை. யோசித்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன்.

தோட்டத்துக் கடைவாசலில் வளர்ந்தவர்களுக்குக் கடன் புத்தகம் தெரிந்திருக்கும். பால் மரத் தோட்டத்தில் சம்பள நாளுக்கு முந்தின வாரம் கடைக்காரர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வார். எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) எத்தனை பிள்ளைகள், எந்த வீட்டில் நல்லெண்ணெய், எந்த வீட்டில் தேங்காயெண்ணெய், யார் வீட்டில் சடங்கு வருகிறது என்று எல்லாம் அதில் இருக்கும் அல்லது அவர் தலையில் இருக்கும். புதிதாக வந்தவரிடம் அவர் முதலில் பெயரும் லயத்து எண்ணும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அரிசியை அளந்து கொடுத்துவிட்டுத்தான் 'எந்த லயம்?' என்பார். நான் முன்னே எழுதிய வரிசை அவரிடமிருந்து வந்ததுதான்.

அந்தப் புத்தகம் ஏன் வேலை செய்தது? வாடிக்கையாளர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இன்று அந்த லயங்கள் பல இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் கைமாறியது, வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. பிள்ளைகள் ஈப்போ, கிள்ளான், பூச்சோங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அம்மா அரைத்த தூளின் மணம் மட்டும் அவர்களுக்கு மறக்கவில்லை. என் பட்டியலில் இருப்பவர்களில் பெரும் பகுதி இவர்கள்தான். புலனத்தில் எனக்கு அறிமுகம் இல்லாதவர்கள், ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர்கள், அலுவலகத்தில் மின்னஞ்சல் பார்த்துப் பழகியவர்கள்.

எனவே தம்பி, மின்னஞ்சல் பட்டியல் யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். பீடோரில் இருப்பவர்களுக்காக என்றால் வேண்டாம். பீடோரை விட்டுப் போனவர்களுக்காக என்றால் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் அந்தக் கடைக்காரரிடம் எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் வருகிற நேரம் பார்த்து மடல் அனுப்புங்கள். இந்த நாட்டில் மாதச் சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் கடைசி வாரத்தில் பணம் வருகிறது. 18, 19-ஆம் தேதியில் அனுப்பிய மடலை அன்போடு படித்துவிட்டு மூடிவிடுவார்கள்.

2025 செப்டம்பர் 16

நாளை புரட்டாசி பிறக்கிறது. அக்டோபர் 17 வரை. எங்கள் வீடு உட்பட இந்த ஊரில் பாதிக்கு மேல் சைவம்தான். இந்த மாதத்தில் 'ஆட்டிறைச்சி மசாலை வாங்குங்கள்' என்று மடல் வந்தால் எப்படி இருக்கும்? வியாபாரம் ஆகாது என்பதோடு, நம் வீட்டு வழக்கம்கூடத் தெரியாதவர் எழுதியது என்று தோன்றிவிடும். மடல் சேவைகள் தானாக அனுப்பும் வசதி தருகின்றன. வாங்கிய நாளிலிருந்து இத்தனை நாள் கழித்து 'தீர்ந்துவிட்டதா?' என்று கேட்கும்படி அமைத்துவிடலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கணக்குக்குப் புரட்டாசி தெரியாது. ஜூலை கடைசியில் இறைச்சி மசாலை வாங்கியவருக்கு அது சரியாகப் புரட்டாசியில் போய் நிற்கும். நான் இன்று உட்கார்ந்து அதை நிறுத்திவிட்டுச் சாம்பார்த் தூள், புளிக்குழம்புத் தூள் பற்றிய மடலை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

சைவ மாதத்தில்தான் நான் விற்பனையைக் குறைத்துப் பட்டியலைக் கவனிக்கிறேன். சனிக்கிழமை விரதச் சமையல் குறிப்புகளுக்கு இந்த மாதத்தில் தனி வரவேற்பு இருக்கிறது. எங்களிடம் எதுவும் வாங்காதவர்கள்கூட அதற்காகப் பதிகிறார்கள். விற்பனையா பட்டியலா என்ற கேள்விக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

2025 செப்டம்பர் 21

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர், மின்னஞ்சல் பட்டியல் தன்னிடம் இருக்கிறது, அதில் வியாபார மடல் அனுப்பலாமா, நம் ஆட்கள்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியலும் கிடைக்குமாம்.

அனுப்பக் கூடாது. அவர்கள் கோயிலுக்குக் கொடுத்தார்கள், உங்கள் கடைக்குக் கொடுக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர் எங்கள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்த்தார்கள். மரம் சீவிச் சம்பாதித்த கையால் அவர்கள் பணமும் கொடுத்துப் பெயரும் கொடுத்தது நிலத்துக்காக. அந்தப் பெயர்களை எடுத்து யாராவது துணி விற்றிருந்தால் அந்த மக்கள் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நம் ஆட்கள் என்பதற்காகக் கூடுதலாக மதிக்க வேண்டும், கூடுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகத்துக்காக ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும். எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அதை விட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. விளம்பரம் அனுப்புவதை நிறுத்து என்று அவர் எழுத்தில் சொன்னால் நிறுத்த வேண்டும்.

2025 செப்டம்பர் 22

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, 'உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்தானே, சின்ன வியாபாரியை யார் கேட்பார்கள்?' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய கணக்கு. 2024-இல் சட்டத்தைத் திருத்தி, தரவுக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறையை இரண்டிலிருந்து மூன்று ஆண்டாகவும் உயர்த்திவிட்டார்கள். 2025-இல் அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. யார் கேட்பார்கள் என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு.

தம்பிக்காக ஒன்று: விவரங்களை எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. நான் மூன்று மொழியிலும் வைத்திருக்கிறேன். அகப்பக்கத்தில் விற்பதற்குத் தனி விதிமுறையும் 2013 ஜூலை முதல் இருக்கிறது. வியாபாரப் பெயர், நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு சேர்ந்த முழு விலை, எப்போது வந்து சேரும் என்ற விவரம் எல்லாம் போட வேண்டும். இவை இருக்கிற பக்கத்தில் மக்கள் தயங்காமல் மின்னஞ்சலும் கொடுக்கிறார்கள். முகவரி சேர்க்கும் பெட்டியின் நிறம் சிவப்பா பச்சையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் இதைச் செய்யலாம்.

2025 செப்டம்பர் 28

ஆயர் தாவாரிலிருந்து முறுக்கு சுடும் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் மட்டும் சுடுகிறார். மற்ற மாதங்களில் பிள்ளைகளும் வேலையும். 'அக்கா, முதலில் விற்றுவிடு என்கிறீர்கள், பதினோரு மாதம் என்னிடம் விற்க எதுவுமே இல்லையே' என்கிறார்.

சரியான மறுப்பு. தீர்ந்துகொண்டே இருக்கும் பொருளை மனத்தில் வைத்து நான் சொன்னது அவருக்குப் பொருந்தாது. அவர் பக்கத்தில் ஆண்டு முழுதும் நிற்க வேண்டியது முகவரிப் பெட்டிதான், அதுவும் உச்சியிலேயே: 'தீபாவளி முறுக்கு முன்பதிவு புரட்டாசியில் தொடங்கும், முதலில் தெரிந்துகொள்ள முகவரி தாருங்கள்.' அவருக்கு அளவுப் பட்டியலும் வேண்டாம், கழிவும் வேண்டாம். கைமுறுக்குக்கு இருக்கும் தட்டுப்பாடே போதும். முன்பதிவு தொடங்கும் நாளில் பெட்டியை எடுத்துவிட்டு வாங்கும் பொத்தானை அந்த இடத்தில் வைக்க வேண்டும். கை தாங்கும் அளவு எடுத்ததும் மறுபடியும் பெட்டி: 'இந்த ஆண்டு முடிந்தது, அடுத்த ஆண்டு முன்கூட்டிச் சொல்லவா?'

ஆக, தம்பிக்கு ஒரு விடை, தங்கைக்கு வேறு விடை. பொருள் எத்தனை நாளில் தீர்கிறது, எத்தனை நாள் கிடைக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தங்கை கேட்ட இன்னொன்று: முறுக்கு மாவுக்கு உளுந்தை வறுத்து அரைப்பதா, வேகவைப்பதா? நாங்கள் வறுத்துத்தான் அரைத்துக் கொடுக்கிறோம். சிவக்கக் கூடாது, வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

2025 அக்டோபர் 5

தம்பியின் மடல்கள் குப்பைப் பெட்டிக்குப் போகின்றனவாம். கேட்டுப் பார்த்ததில், ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு மொத்த மடல் சேவை வழியாக அனுப்பியிருக்கிறார். அப்படிச் செய்யக் கூடாது. சொந்த அகப்பக்கப் பெயரில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் உண்டு. இந்த மடலை உண்மையாகவே இந்தப் பெயருக்கு உரியவர்தான் அனுப்பினார் என்று பெறுகிற பக்கம் சரிபார்க்க அவை உதவுகின்றன. அகப்பக்கப் பெயரை வாங்கிய இடத்திலேயே அவற்றைப் பதியலாம். மடல் சேவை என்ன எழுத வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயில்காரர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தலில் விலகும் வசதியும் தர வேண்டும். நாம் அந்த அளவு அனுப்புவதில்லை. இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவான ஓர் எல்லை இருக்கிறது. 'இது குப்பை' என்று பெறுகிறவர்கள் அழுத்தும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. 300 பேருக்கு அனுப்பும் மடலில் ஒரே ஒருவர் அழுத்தினால் அந்த எல்லை தாண்டிவிடும். 'கோயில் பட்டியலில் அனுப்பினால் என்ன, பிடிக்காதவர் விலகிக்கொள்ளட்டும்' என்று சொன்னவருக்கு இதையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்காமல் வந்த மடலில் விலகும் சுட்டியை யாரும் பொறுமையாகத் தேட மாட்டார்கள், குப்பை என்றுதான் அழுத்துவார்கள். அதன் பிறகு, விரும்பிக் கேட்டவர்களுக்குக்கூட நம் மடல் போய்ச் சேராது.

2025 அக்டோபர் 12

தீபாவளி 20-ஆம் தேதி திங்கட்கிழமை. புரட்டாசி முடிந்து இரண்டே நாள் இடைவெளி. ஒரு மாதம் சைவமாக இருந்த வீடுகளில் தீபாவளிக் காலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் கட்டாயம். அந்தத் தூள் 18-ஆம் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே இறைச்சி மசாலை மடலைப் புரட்டாசிக்குள்ளேயே அனுப்பத்தான் வேண்டியிருந்தது. இறைச்சிப் படம் போடவில்லை. 'தீபாவளிச் சமையலுக்குத் தூள், 14-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்' என்று மட்டும் எழுதினேன். எல்லாருக்கும் புரிந்தது.

இந்த வாரம் பக்கத்தில் முகவரிப் பெட்டி, சமையல் குறிப்பு, எங்கள் கதை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பொருள், விலை, கடைசித் தேதி. கிள்ளானிலிருந்து வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டு வாங்குகிறவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. நன்றிப் பக்கத்தில் கேட்கும் ஒரு வரி மட்டும் இருக்கிறது.

மில் இரவு பதினொரு மணி வரை ஓடுகிறது. பதில் எழுதத் தாமதமாகும்.

2025 நவம்பர் 2

தீபாவளிக் கூட்டத்தில் புதிதாக வந்தவர்களுக்கு அடுத்த மடலில் என்ன எழுதுவது? உடனே இன்னொரு பொருளை விற்க வேண்டாம். அவர்கள் அலமாரியில் தூள் இருக்கிறது. தூள் கெடாமல் எப்படி வைப்பது என்று எழுதினேன்: ஈரக் கரண்டி போடாதீர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பாதியைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மீந்துபோன பிரட்டலை மறுநாள் இடியப்பத்தோடு எப்படிச் சாப்பிடலாம் என்று ஒரு குறிப்பு. அடியில் விலையோடு ஒரே பொருள்.

அந்த மடலுக்குப் பதில்கள் வந்தன. விற்பனை எண்ணிக்கையைவிட எனக்கு இவைதான் முக்கியம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், பொட்டலத்தை ஜொகூர் பாருவில் அக்காள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எடுத்துக்கொள்பவர், 'பிள்ளைகளுக்குக் காரம் தாங்கவில்லை, மணம் மட்டும் இருக்கும்படி ஒரு தூள் அரைத்துத் தருவீர்களா?' என்று கேட்டார். அதையே இன்னும் சிலரும் கேட்டார்கள். மிளகாயைக் குறைத்து, சோம்பும் மல்லியும் கூட்டி அரைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களுக்குச் சிறு பொட்டலம் முதலில் போகும். இணையச் சந்தையில் மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் இந்தத் தூள் பிறந்திருக்காது. பட்டியல் ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம் என்று பிரித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் மடல் மேலே தமிழ், கீழே அதே செய்தி ஆங்கிலத்தில் சுருக்கமாக. தமிழை எடுத்துவிடுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. எடுக்க மாட்டேன். தலைப்பு வரியில் மட்டும் கவனம் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசியில் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். பொருளின் பெயர் முதல் சொல்லாக இருக்கட்டும்.

2025 நவம்பர் 19

'மடலைத் திறந்தவர்கள் இத்தனை விழுக்காடு' என்ற எண்ணைக் காட்டித் தம்பி மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். அந்த எண்ணை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த தனியுரிமை வசதியில், மடலில் உள்ள படங்களை அந்தச் செயலி முன்கூட்டியே இறக்கிவைத்துவிடுகிறது. அவர் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கில் விழும். சுட்டியை அழுத்தியவர், பதில் எழுதியவர், வாங்கியவர் என்ற மூன்றையும் பாருங்கள்.

ஓராண்டாக இந்த மூன்றில் எதுவும் செய்யாதவருக்கு 'இன்னும் அனுப்பலாமா?' என்று கேட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுகிறேன். முறுக்குத் தங்கை இதைச் செய்ய வேண்டாம். அவருடைய வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார். அவருக்கு இரண்டு தீபாவளி தாண்டட்டும்.

2025 டிசம்பர் 14

விலகுகிறவரிடம் காரணம் கேட்கலாமா? கேட்க வேண்டாம். ஒரே அழுத்தலில் போக விடுங்கள். மில்லில் மாவு வாங்காமல் திரும்புகிறவரை வழிமறித்தா கேட்கிறோம்?

2026 ஜனவரி 11

தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஈப்போ கல்லுமலைக்குப் போவோம், அந்த வாரம் மில் அடைப்பு. தம்பி ஒரு யோசனை கேட்கிறார்: தைப்பூசத்துக்குத் தலை எண்ணெய் மடல் அனுப்பலாமா?

தம்பி, உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் முடி காணிக்கை செலுத்தப் போகிறார்கள் என்று யோசித்தீர்களா? மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நிற்கிறவருக்குப் பெரிய புட்டி எதற்கு? மாசி பிறந்த பிறகு அனுப்புங்கள். புதிதாக முளைக்கும் முடிக்கும் காய்ந்த தோலுக்கும் எவ்வளவு எண்ணெய், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். முடி வளரும் என்று உறுதி மட்டும் சொல்லாதீர்கள். தலை எண்ணெயும் அழகுப் பொருள் கணக்கில் வருவதால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவுக்கு அறிவிக்கை வேண்டும், நிரூபிக்க முடியாத உறுதிமொழிக்கு அங்கே இடமில்லை. சிறிய புட்டி ஒன்றை விலையோடு அடியில் போடுங்கள். குழந்தைகளுக்கும் மொட்டை போட்டிருப்பார்கள். வாசனை குறைத்த எண்ணெய் இருந்தால் அதையே முதலில் வையுங்கள்.